வெளிச்சத்தை முடிவு பண்ணிட்டுப் பொறவு பெயிண்ட் வாங்குங்க

எங்க பக்கம் இப்பெல்லாம் புது வீடு கட்டறதைவிட பழைய வீட்டைப் புதுசு பண்றதுதான் எச்சா நடக்குதுங்க. அப்பாரு கட்டின ஓட்டு வீடு, அப்பா காலத்துல முன்னாடி ஒரு தார்சு ரூம் சேர்த்தது, இப்பப் பேரன் பெங்களூர்ல உட்கார்ந்துக்கிட்டு போன்லயே கலர் பார்த்து பெயிண்டருக்கு அனுப்புறது. இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேரு அந்தப் பேரன், பேத்திகள்தான்னு எனக்குத் தெரியும். அதனால உங்ககிட்டயே நேரா சொல்லிடறேன். கலரை முதல்ல முடிவு பண்ணாதீங்க. வெளிச்சத்தை முடிவு பண்ணுங்க. அதுக்கும் முன்னாடி, அந்த வெளிச்சத்துல வருசம் பூரா யாரு இருக்கப்போறாங்கன்னு முடிவு பண்ணுங்க.

இதை எனக்குச் சொல்லிக்குடுத்தது எந்த இன்டீரியர் டிசைனரும் இல்லை, திருப்பூர்தான். அவிநாசிபாளையத்துல பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் பனியன் கம்பெனிக்கோ சாயப்பட்டறைக்கோ போய்க்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க. வெளிநாட்டு பையர் ஒரு ஆர்டர் குடுத்தா, முதல்ல ஒரு துண்டுத் துணியில சாயம் ஏத்தி மாதிரி காட்டணும். லேப் டிப்னு சொல்லுவாங்க. அதை ஜன்னலோரமா நின்னு பார்த்து ஓகே பண்ண மாட்டாங்க. லைட் பாக்ஸ்னு ஒரு பெட்டி இருக்குது. அதுக்குள்ள துணியை வெச்சு, பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பாக் கடைகள்ல எரியற ட்யூப்லைட்டுக்கு டிஎல்84, குண்டு பல்புக்கு ஒரு விளக்குன்னு ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பாங்க. பகல்ல ரெண்டு துணியும் ஒரே பச்சையாத் தெரியும், ட்யூப்லைட் போட்டதும் ஒண்ணு பழுப்படிக்கும். மெட்டமெரிசம்னு அதுக்குப் பேரு. படிக்காத மாஸ்டர்கூட அந்த வார்த்தையை சர்வசாதாரணமாச் சொல்லுவாரு. அதுல கோட்டை விட்டா மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆயிரும்.

ஆறு மாசம் போட்டுட்டுத் தூக்கி எறியற டீ-சர்ட்டுக்கு இத்தனை பரிசோதனை. பத்து வருசம் பார்த்துக்கிட்டே இருக்கப்போற சுவத்துக்கு என்ன பண்றோம்? கடை ட்யூப்லைட்டுக்குக் கீழ நின்னு, கட்டைவிரல் அளவு ஷேட் கார்டைப் பார்த்து, "இதைக் குடுங்கண்ணா"ங்கறோம். இல்லைன்னா போன் திரையில பார்க்கிறோம். போன் திரை தானே வெளிச்சம் விடற சாமான், சுவரு அப்படி இல்லைங்க. விழுந்த வெளிச்சத்துல மிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும்.

அந்த லைட் பாக்ஸைப் பத்தி இன்னொரு சங்கதி. பெட்டியோட உள்பக்கம் பூராவும் சாம்பல் நிறம். ஏன்னா சாம்பல் எந்தக் கலர் பக்கமும் சாயாது, துணியோட நிறத்தைக் கெடுக்காது. சுவர்னு ஒண்ணு இருக்கறதே கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு தேர்ந்தெடுத்த நிறம் அது. அதைத்தான் இப்ப ஆசாரத்துக்கு அடிக்கறாங்க, கிரே ஷேட்னு. எங்க சித்தி வீட்டுல போன வருசம் அடிச்சாங்க. பசங்க ரெண்டு பேரும் வெளியூரு. போட்டோ அனுப்பிச்சாங்க, பெயிண்டரு அச்சடிச்ச மாதிரி முடிச்சுக் குடுத்தாரு. ஓட்டுக்குக் கீழ ஜிப்சம் சீலிங், அதைச் சுத்தி ஒளிஞ்சு எரியற ஸ்ட்ரிப் லைட்டு, நடுவுல உள்பதிச்ச லைட்டு, எண்ணிப் பார்த்தா பதினாலு. கிரகப்பிரவேசம் மாதிரி விருந்து வெச்சாங்க, நானும் போய்ச் சாப்பிட்டேன், போட்டோவுல நல்லாத்தான் இருந்துச்சு.

சித்தி இப்ப அரிசியில கல்லுப் பொறுக்கறதுக்கு முறத்தை எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போறாங்க, அங்க மட்டும் பழைய ட்யூப்லைட்டு சுவத்துல இருக்குது. பதினாலு லைட்டும் உச்சந்தலைக்கு மேல இருந்து விழுகுது, குனிஞ்சா அவங்க தலை நிழலே முறத்துல விழுந்துருது. வீட்டுல இருக்கறது அவங்க ஒருத்தர்தான். பசங்க பொங்கலுக்கு நாலு நாளு, நோம்பிக்கு ரெண்டு நாளு வருவாங்க. அந்த ஆறு நாளைக்கு அடிச்ச கலர் அது.

வயசானவங்க கண்ணைப் பத்தி ஒரு விசயம் தெரிஞ்சுக்கணும். அறுவது வயசுல கண்ணோட பின்திரைக்குப் போய்ச் சேர்ற வெளிச்சம், இருபது வயசுல போனதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளடிச்சு, பாப்பாவும் சுருங்கிப் போயிரும். அதனால அவங்களுக்கு வெளிச்சம் எச்சா வேணும். ஆனா கூசவும் கூசும். பல்பு நேராக் கண்ணுல படக்கூடாது. அந்த வயசுல நீலத்துக்கும் சாம்பலுக்கும் வித்தியாசமும் சரியாத் தெரியறதில்லை. சாம்பல் சுவரு, சாம்பல் டைல்ஸ், ஓரத்துல சாம்பல் படி. எங்க படி முடியுது எங்க தரை ஆரம்பிக்குதுன்னு எழுபது வயசுல தேடணும். இது அழகுப் பிரச்சினை இல்லைங்க, இடுப்பு எலும்புப் பிரச்சினை.

சரி, வெளிச்சத்துக்கு வர்றேன். எங்க ஊர்க் கடையில எல்ஈடி பல்பு கேட்டா, கேள்வியே இல்லாம வெள்ளையைத்தான் எடுத்து வெப்பாங்க. அட்டையில 6500கே-ன்னு போட்டிருக்கும். பட்டப்பகல் வெளிச்சத்தோட நிறம் அது. பழைய குண்டு பல்பு 2700. நடுவுல 3000, 4000 எல்லாம் இருக்குது, கேட்டாத்தான் கிடைக்கும். 2015-ல மத்திய அரசு உஜாலா திட்டத்துல எல்ஈடி பல்பைச் சல்லிசா விக்க ஆரம்பிச்சது. அதுக்கப்பறம் எல்லா வீட்டுக்கும் எல்ஈடி வந்துருச்சு. கரண்டு மிச்சம், அதுல குறையே சொல்ல முடியாது. 60 வாட்ஸ் குண்டு பல்பு குடுத்த வெளிச்சத்தை 9 வாட்ஸ்ல தாண்டிருது. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு ஆசாரத்துல நடுமதியம் எதுக்குங்க? தூக்கத்தைக் கொண்டுவர்ற மெலட்டோனின் சுரக்கறதை நீல வெளிச்சம் தள்ளிப்போடும்னு படிச்ச நீங்களே சொல்லுவீங்க, அப்பறம் அதையே ஒன்பது மணிக்குத் தூங்கற அம்மா தலைமாட்டுல மாட்டிட்டுப் போறீங்க.

இன்னொண்ணு, சிவப்பு. நம்ம பழைய வீட்டுல இருக்கற நல்ல நிறம் எல்லாமே சிவப்புப் பக்கம்தான். காவிப் பட்டை, ரெட் ஆக்சைடு தரை, ஓடு, தேக்கு நிலவு, செம்மண் வாசல். வெள்ளை எல்ஈடி-ங்கறது உள்ளுக்குள்ள நீல விளக்கு, அது மேல மஞ்சளா ஒரு பூச்சு. அந்த நீல விளக்கைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2014-ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. இந்தக் கலவையில அழுத்தமான சிவப்பு கம்மி. அட்டையில சிஆர்ஐ 80-ன்னு போட்டிருந்தாலும், அந்தக் கணக்குல எடுத்துக்கறது எட்டு வெளிறின நிறம்தான், அழுத்தமான சிவப்பு அதுல வராது. அதனால மலிவு வெள்ளை பல்புக்குக் கீழ ரெட் ஆக்சைடு தரை பழைய ரத்தக்கறை மாதிரி தெரியும். "தரை நிறம் செத்துப்போச்சு, பேத்துட்டு டைல்ஸ் போட்டுக்கலாம்"னு சொல்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, 3000கே-ல, சிஆர்ஐ 90-ன்னு போட்ட ஒரு பல்பை வாங்கி மாட்டி, ஒரு ராத்திரி பார்த்துட்டுச் சொல்லுங்கன்னுதான். நூறு ரூபா எச்சா ஆனாலும் ஆகட்டும், தரை பேக்கற கூலியைவிடக் கம்மிதானுங்களே.

வாசல் லைட்டு மஞ்சள்தான், அதுல பேச்சே இல்லை. ஐப்பசி மழை விட்டதும் ஈசல் கிளம்பும் பாருங்க, வெள்ளை லைட்டு போட்டிருந்தா சோத்துத் தட்டு வரைக்கும் வரும். மஞ்சளுக்கு அத்தனை வராது.

இப்ப சுவரு. சுத்துப்பட்டுல பழைய வீட்டுச் சுவரு மண்ணு, இல்லைன்னா கல்லு, மேல சுண்ணாம்புக் காரை. தரையில இருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்பு அதை வெளிய விட்டுரும். அது மேல பட்டி பார்த்து, பளபளன்னு ப்ளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா ஈரத்துக்கு வழி அடைபட்டுப் போகும். ரெண்டு மழைக்காலம் பொறுத்துக் கொப்பளிச்சு உரியும். உடனே பெயிண்ட் மோசம்பாங்க. பெயிண்ட் நல்லதுதான், சுவத்துக்கு ஆகாது. சுண்ணாம்பு அடிச்சா, அது காத்துல இருக்கற கார்பன்-டை-ஆக்சைடை இழுத்துக்கிட்டு மறுபடியும் கல்லா மாறுது. பூஞ்சை சுலபத்துல பிடிக்காது. வருசா வருசம் பொங்கலுக்கு முன்னாடி அடிச்சது சாங்கியம் மட்டும் இல்லைங்க.

சுண்ணாம்புல அப்பத்தா ஒரு சிட்டிகை நீலம் கலக்குவாங்க. மஞ்சளடிப்பு மறைஞ்சு வெள்ளை எச்சா வெள்ளையாத் தெரியும். சாயப்பட்டறையில வெள்ளை பனியனுக்கு ஒயிட்னிங் ஏத்தறாங்களே, அதுவும் இதே கண்கட்டுதான். ஆனா பட்டறை ஒயிட்னிங் வெயில்ல இருக்கற புறஊதாவை வாங்கித்தான் மின்னும், சாதாரண எல்ஈடி-யில புறஊதா இல்லாததால வீட்டுக்குள்ள மங்கிரும். அப்பத்தா நீலம் எந்த வெளிச்சத்துலயும் நின்னுச்சு.

சுவத்தோட அடியில மூணடிக்கு காவி அடிச்சதும் சும்மா இல்லை. ஓட்டுத் தண்ணி செம்மண் வாசல்ல விழுந்து தெறிக்கும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்கால இருந்து ஊதினா புழுதி மேல் சுவத்துல அப்பிக்கும். அதையெல்லாம் காவி முழுங்கிரும். இப்ப அடி முதல் முடி வரைக்கும் ஐஸ்கிரீம் வெள்ளை அடிச்சிட்டு, புரட்டாசியில வந்து "ஏன் இப்படி அழுக்கா வெச்சிருக்கீங்க"ன்னு அம்மாவைத் திட்டறாங்க.

அந்தச் செம்மண்ணு இன்னொரு வேலையும் பண்ணும். வெயில் வாசல்ல பட்டுத் திரும்பி வீட்டுக்குள்ள வரும்போது இளஞ்சிவப்பாத்தான் வரும். சென்னை ஃபிளாட்டுல இதமாத் தெரிஞ்ச பீச் கலரு, இங்க பகல் பதினோரு மணிக்கு ரோஸ் மில்க் ஆயிரும். திருப்பூர்க்காரன் புத்தியோட ஒரு காரியம் பண்ணுங்க. ரெண்டடிக்கு ரெண்டடி ப்ளைவுட் துண்டு ஒண்ணுல, கேக்கற கலரை ரெண்டு கோட்டு அடிச்சு, அதை எடுத்துக்கிட்டுச் சுத்துங்க. வெடியால ஏழு மணி, உச்சி, பொழுதோட ஆறு மணி, ராத்திரி மாட்டப்போற பல்புக்குக் கீழ. நாலு நேரமும் உங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ, அங்க இருக்கறவங்களுக்குப் பிடிக்கோணும்.

கதவு, ஜன்னல் பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். பழைய எனாமல் பெயிண்டுல, முக்கியமா மஞ்சள், பச்சை, சிவப்புல, ஈயம் இருந்திருக்க நிறைய வாய்ப்பு. 90 பிபிஎம்-க்கு மேல ஈயம் சேர்த்து வீட்டுப் பெயிண்ட் தயாரிக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி அடிச்ச கதவை காஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறபோது பறக்கற தூசி, சின்னக் குழந்தைங்களோட மூளை வளர்ச்சியவே பாதிக்கும். தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க, குழந்தைங்களை அந்த வாரம் அமுச்சி ஊருக்கு அனுப்பிருங்க, தேய்ச்ச பெயிண்டரையும் மூஞ்சியில நல்ல மாஸ்க்கு கட்டச் சொல்லுங்க. சுரண்டின தூளைப் பொடக்காளியில கொட்டிக் கோழி கொத்த விடாதீங்க.

ஒளிஞ்சு எரியற ஸ்ட்ரிப் லைட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனா அதோட டிரைவர் போச்சுன்னா எங்க சித்தி யாரைக் கூப்பிடுவாங்க? சீலிங்குக்கு மேல பல்லியும் எலியும் குடித்தனம் நடத்துது. வோல்டேஜ் ஏறி இறங்கற ஊரு. ஹோல்டர்ல மாட்டற பல்பா இருந்தா, ஃபியூஸ் போனாலும் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டூல் போட்டு மாத்திக் குடுத்துருவான். ஓட்டு வீட்டுக்கு இன்னும் சுலபமா ஒரு லைட்டு இருக்குது, கண்ணாடி ஓடு. மேற்குப் பக்கம் வேண்டாம், சூடு இறங்கும். வடக்குச் சரிவுல ரெண்டு மாத்துனா பகல் பூரா ஸ்விட்சே போட வேண்டியதில்லை.

எங்க வீட்டு வேலையும் சித்திரையில ஆரம்பிக்குது. ஆசாரத்துக்கு சுண்ணாம்பு வெள்ளை, அடியில காவி, அம்மா உட்கார்ற இடத்துக்குத் தோளுக்குப் பின்னால சுவத்துல ஒரு 3000கே பல்பு, மூடி போட்டது. சாமி ரூமுக்கு அகல் போதும்னுட்டாங்க. தம்பி மகள் வேலை பார்க்கற ஊர்ல இருந்து போன்ல ஒரு பச்சை அனுப்பியிருக்கறா, அவ படுக்கற ரூமுக்கு. ப்ளைவுட்டுல அடிச்சு வெச்சிருக்கறேன், இந்த ஞாயித்துக்கிழமை வந்து ராத்திரியும் பார்த்துட்டுச் சொல்லட்டும்.