கமிட்டிக் கூட்டத்தில் துப்பாக்கி

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பிள்ளை மடுவத்தில் எங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிக் கூட்டம். சந்தாக் கணக்கு கேட்க எழுந்த ஓர் அக்கா, தலைவருக்குப் பின்னால் நின்ற பாதுகாவலரின் இடுப்புத் துப்பாக்கியைப் பார்த்ததும் கொழுந்துச் சாக்கை மடித்தபடி உட்கார்ந்துவிட்டார். யாரும் மிரட்டவில்லை; அதுதான் விஷயமே.

1940 ஜனவரி 10இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன். இருவரும் பொலிஸ் சூட்டில் இறந்த தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் பெயரைச் சொல்லிச் சங்கம் வளர்த்த நாமே கூட்டத்துக்குள் துப்பாக்கியை விடலாமா? தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளையே 2024இல் பாதுகாப்பு அமைச்சு திருப்பிக் கேட்டது.

தலைவருக்கு உயிர்ப்பயம் இருக்கலாம், மறுக்கவில்லை. காவலர் இஸ்தோப்பில் நிற்கட்டும். தேத்தண்ணி நாங்களே கொடுத்தனுப்புகிறோம்.

கமிட்டி உறுப்பினர் ஒருவர்,
ஹட்டன்