கோப்பை கழுவினவரின் பேத்தியும் ஹோட்டல் படிப்பும்

மார்ச் 1 நெருங்க நெருங்க எங்கட வீடுகளில் ஒரு காய்ச்சல் வரும். சீஜெப் விண்ணப்பத்துக்கு அதுதான் கடைசி நாள். செக்கண்டரி 5 படிக்கிற பிள்ளை இருக்கிற வீடென்றால் தைப்பொங்கல் முடிஞ்ச கையோட ஒரே கதைதான்: ஹெல்த் சயன்ஸா, பியூர் அன்ட் அப்ளைட்டா, கொமர்ஸா. நாலாவதாக ஒன்று இருக்கென்று ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. இந்த வருசம் எங்கட சொந்தத்துக்குள்ளேயே ஒரு பிள்ளை திறந்தாள். என்ர மச்சாளின் மகள். அவளுக்கு ஹோட்டல் மனேஜ்மென்ட் படிக்க வேணுமாம்.

எனக்கு கம்ப்யூட்டர் வேலை. ஹோட்டலுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு செக்-இன் பண்ணிச் சாவி வாங்கிறதோட முடிஞ்சுது. ஆனால் குடும்பத்தில் "உதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று வருகிற எதுவும் கடைசியில் என் தலையில்தான் விழும். பார்த்ததையும், அந்தத் தொழிலில் இருக்கிற நாலு பேரிடம் கேட்டதையும் இந்த முறை எழுதுகிறேன். உங்கட வீட்டிலயும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

முதலில் இடத்தைச் சொல்லுறன். ஷேர்புரூக் மெட்ரோவால் வெளியே வந்தால், சென்-டெனி தெருவில், சென்-லூயி சதுக்கத்துக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடிக் கட்டிடம் நிற்கும். நூறு தரம் அதைக் கடந்து போயிருப்பீர்கள். அதுதான் கியூபெக்கின் சுற்றுலா, ஹோட்டல் தொழில் நிறுவனம். ஐ.ரி.எச்.கியூ. என்று நாங்கள் சொல்லுவம், பிரெஞ்சுக்காரர் இ-தே-ஆஷ்-கியூ என்பார்கள். எக்ஸ்போ 67 முடிந்த அடுத்த வருசம், 1968 இல் அரசாங்கம் தொடங்கியது. உள்ளேயே 42 அறை உள்ள உண்மையான ஹோட்டல் ஒன்றும் றெஸ்ரோறன்ட்டும் நடக்கின்றன. காசு கொடுத்து வருகிற விருந்தாளிகளை வைத்துத்தான் பிள்ளையள் பழகுகினம்.

அங்கே போனால் சமையல்தான் படிப்பிப்பினம் என்று எங்கட ஆக்களில் பாதிப்பேர் நினைக்கினம். அது ஒரு மாடி மட்டும்தான். கீழ் மாடியில் டி.இ.பி. என்கிற தொழில் டிப்ளோமா: சமையல், பேஸ்ட்ரி, பரிமாறுதல், வைன் போன்றவை, சமையல் என்றால் ஏறத்தாழ ஒரு வருசம். அடுத்த மாடி மூன்று வருச டெக்னிக்கல் டெக். ஹோட்டல் நிர்வாகம், ரூறிசம், றெஸ்ரோறன்ட் நிர்வாகம் என்று பிரிவுகள். மேல்மாடி பல்கலைக்கழகம்: யூ.கியூ.ஏ.எம். பல்கலைக்கழகத்தின் வணிகப் பிரிவோட சேர்ந்து சுற்றுலா, ஹோட்டல் நிர்வாகத்தில் பட்டப்படிப்பு. மூன்று வருச டெக் முடித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடுவதில்லை. "டெக்னிக்கல் போனால் அதோட சரி" என்று கோயில் வீதியில் சொல்லுகிற கதையை நம்பாதீர்கள்.

கியூபெக்கில் வசிக்கிற பிள்ளைக்கு, முழுநேரமாகப் படித்தால், பொது நிறுவனங்களில் டெக் படிப்புக்கு ரியூஷன் இல்லை. பதிவுக் கட்டணம், சீருடை, கருவிகள் என்று சில்லறைச் செலவு வரும். சுவிற்சர்லாந்தில் லொசானில் 1893 இலிருந்து நடக்கிற பேர்போன ஹோட்டல் பள்ளிக்குப் போகவேண்டும் என்றால் ஒரு வீட்டின் முற்பணமே போய்விடும். மெட்ரோ ரிக்கெட்டோட போகக்கூடிய தூரத்தில் இங்கே ஒன்று இருக்கு.

ஆங்கிலத்தில்தான் படிக்க வேணும் என்றால் தென்கரையில் சென்-லம்பேரில் சாம்ப்ளெயின் சீஜெப்பில் ரூறிசம் இருக்கு. நகரத்துக்குள் லசால் கொலேஜ் ஆங்கிலத்திலும் ஹோட்டல் நிர்வாகம் படிப்பிக்குது, ஆனால் அது தனியார். 2022 இல் வந்த 14 ஆம் சட்டத்துக்குப் பிறகு ஆங்கில சீஜெப் இடங்களுக்கு வரம்பும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலுக்குப் பிரெஞ்சில் படிக்கிறதே லாபம். 101 ஆம் சட்டத்தைத் திட்டித் திட்டி எங்களைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பினார்கள் எங்கட அம்மா அப்பா. அதே சட்டத்தால் எங்கட பிள்ளையள் மூன்று மொழியில் சண்டை பிடிக்கினம். முன்மேசையில் நிற்கிறவருக்கு இந்த ஊரில் அதைவிடப் பெரிய முதல் இல்லை.

இனி வீட்டுக் கதை. மச்சாளின் அப்பா, எனக்கு மாமா, 80களின் கடைசியில் வந்தவர். 1986 இல் நியூபவுண்ட்லாந்து கரையில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரில் பலர் வந்து சேர்ந்ததும் இந்த மொன்றியலுக்குத்தான். அந்தக் காலத்து ஆம்பிளையளில் பெரும்பாலானோரின் முதல் வேலை ஒன்றுதான்: கோப்பை கழுவிறது. மாமா பன்னிரண்டு வருசம் டவுன்ரவுண் றெஸ்ரோறன்ட்களில் அதைச் செய்து, பிறகு லைன் குக் ஆகி, முழங்கால் போய் நிப்பாட்டினவர். பேத்தி விசயத்தைச் சொன்னதும் அவர் கத்தவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் கழுவினது நீங்கள் கழுவக் கூடாதெண்டுதான் பிள்ளை" என்றார்.

அவள் விடவில்லை. "அம்மப்பா, நீங்கள் பின்கதவால போனீங்கள். நான் முன்கதவால போகப் போறன்."

வீட்டில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மச்சாள்தான் நடுவில் அகப்பட்டவள். அவள் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அப்பாவின்ர முழங்காலும் தெரியும், மகளின்ர கண்ணும் தெரியும். எங்கட தலைமுறையின் நிலைமை இதுதான் என்று நினைக்கிறன். எங்களைப் படிப்பிச்சவர்களின் பயத்துக்கும் எங்கட பிள்ளைகளின் ஆசைக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் வேலை.

பிறகு மாமா ஒரு கேள்வி கேட்டார். சம்பளம் பற்றியும் இல்லை, மரியாதை பற்றியும் இல்லை. "இரவு எத்தினை மணிக்கு வேலை முடியும்? பஸ் இருக்குமோ?" இந்த விசயத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே பெறுமதியானது அதுதான். ஹோட்டல் 24 மணி நேரமும் திறந்திருக்கிற கட்டிடம். புதிதாக வருகிறவருக்குக் கிடைப்பது மாலை ஷிஃப்ட், இரவுக் கணக்கு முடிக்கிற ஷிஃப்ட், நத்தார், புதுவருசம், எல்லா நீண்ட வார இறுதியும். கோடையில் எங்கட கலியாணங்கள், கோயில் தேர் எல்லாம் வருகிற நேரத்தில்தான் அவர்களுக்கு ஜாஸ் திருவிழா, ஃபோர்முலா 1 கூட்டம், கப்பல் பயணிகள். பிள்ளை தேருக்கு வரமாட்டாள். அதற்கு வீடு தயாரா என்று யோசிக்க வேணும். கரியர் டே பேச்சுகளில் இதைச் சொல்லமாட்டினம்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லுவம். தொடக்கம் குறைவு. 2025 மே மாதத்தில் கியூபெக்கில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 16.10 டொலராக இருந்தது, டிப்ஸ் வாங்குகிற வேலைகளுக்கு 12.90 தான். டெக் முடித்த பிள்ளை அதைவிடக் கொஞ்சம் மேலே தொடங்கும், ஆனால் பொறியியல் முடித்த ஒன்றுவிட்ட அண்ணாவோட ஒப்பிட்டால் மனம் நோகும். மறுபக்கம், மொன்றியலின் பெரிய ஹோட்டல்களில் பல தொழிற்சங்கம் உள்ளவை. 2024 கோடையில் சி.எஸ்.என். கூட்டமைப்பைச் சேர்ந்த ஹோட்டல் ஊழியர்கள் நகரத்தின் பல ஹோட்டல்களில் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தது ஞாபகமிருக்கும். மாமாவின் காலத்து அடுப்படியில் அப்படிக் கேட்க ஆளில்லை.

இதுவரை படித்துவிட்டு "அப்ப ஏன் இந்தப் படிப்பு" என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, றெவெனியூ மனேஜ்மென்ட் என்ற ஒன்றைப் பார்க்கும்வரை. ஹோட்டல் அறை கீரைப்பிடி மாதிரி. இன்றிரவு விற்காத அறையை நாளைக்கு விற்க முடியாது, அந்த இரவு போனது போனதுதான். 200 அறை உள்ள ஹோட்டல் ஒன்றை எடுங்கோ. 150 அறையை 220 டொலருக்கு விற்றால் 33,000. விலையைக் குறைத்து 190 அறையை 170க்கு விற்றால் 32,300. இரண்டாவது நாளில் ஹோட்டல் நிறைந்த மாதிரித் தெரியும், லொபியில் கூட்டம், எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் 700 டொலர் குறைவு. அதுக்கு மேலே இன்னும் 40 அறை துப்புரவாக்க வேணும், 40 அறைக்குத் துவாய் தோய்க்க வேணும். அடுத்த நாளில் எது சரி என்று முன்கூட்டியே கணிக்கிறதுதான் அந்த வேலை. விமான வருகை, மாநாட்டு மண்டபத்தில் என்ன நடக்குது, போன வருசம் இதே கிழமை எப்படி, பக்கத்து ஹோட்டல் விலை என்ன, கடைசி நேரத்தில் எத்தனை பேர் ரத்து செய்வார்கள். நான் வேலையில் செய்கிற தரவுக் கணக்குக்கும் இதுக்கும் பெரிய தூரமில்லை. இந்தக் கணக்கை முதலில் பெரிதாகச் செய்தவை விமானக் கம்பனிகள், ஹோட்டல்கள் பிறகுதான் பிடித்துக்கொண்டன. மாத்ஸ் பிடிக்கிற, ஆனால் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாத பிள்ளைக்கு இது நல்ல இடம்.

மொன்றியலுக்கு இன்னொரு வசதியும் இருக்கு. உலக விமானக் கம்பனிகளின் சங்கமான அயாட்டாவின் தலைமையகம், ஐ.நா.வின் சிவில் விமான அமைப்பு, எயர் கனடா, எயர் ட்ரான்சாட் எல்லாம் இந்தத் தீவில்தான். ரூறிசம் படித்த பிள்ளை ஹோட்டலிலேயே கிடக்க வேணும் என்றில்லை. ஆனால் 2020 மார்ச்சையும் மறக்கக் கூடாது. ஒரு கிழமைக்குள் ஹோட்டல்கள் காலியாகி முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவை இந்தத் துறை ஆட்கள்தான். அதனால்தான் நான் மச்சாளிடம் சொன்னது: சமையல் டி.இ.பி.யோட நிற்காமல் நிர்வாக டெக், முடிந்தால் பட்டம். கணக்கும் நிர்வாகமும் கையில் இருந்தால் வேறு துறைக்கும் தாவலாம்.

இதே கதையின் இன்னொரு பக்கம், ஊரிலிருந்து வருகிற தொலைபேசி அழைப்பு. "தம்பி, மகனுக்கு மொன்றியலில ஹோட்டல் மனேஜ்மென்ட் கோர்ஸ் ஒண்டு ஏஜென்ட் எடுத்துத் தாறாராம், நல்லதோ?" வவுனியாவோ திருச்சியோ, கேள்வி ஒன்றுதான். உள்ளூர்ப் பிள்ளைக்கு நல்ல படிப்பு, வெளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு இப்போது வேறு விசயம். இதில் நாங்கள் தெளிவாக இருக்க வேணும், ஏனென்றால் அந்தப் பெற்றோர் நம்புகிறது எங்கட வாயை.

2020 கடைசியில் கியூபெக் அரசு பத்துத் தனியார் கல்லூரிகளின் மாணவர் சேர்ப்பை விசாரிக்கத் தொடங்கி விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது. 2022 ஜனவரியில் மூன்று கல்லூரிகள் கடன் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போக, கட்டணம் கட்டியிருந்த ஏறத்தாழ 2,000 மாணவர் நடுத்தெருவில் நின்றார்கள். பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து. 2023 செப்ரெம்பர் 1 முதல், அரச மானியம் இல்லாத தனியார் கல்லூரிப் படிப்பை இங்கே தொடங்குகிறவருக்கு, முடித்த பிறகு வேலை அனுமதி கிடையாது. 2024 ஜனவரியில் மாணவர் விசாவுக்கே நாடு முழுக்க வரம்பு வந்தது. பிறகு பெரிய அடி: 2024 நவம்பர் 1 முதல் விண்ணப்பித்தவர் கல்லூரி மட்டத்தில் படித்தால், சுகாதாரம், விஞ்ஞானம், கைத்தொழில், போக்குவரத்து, விவசாயம் என்று அரசு சொன்ன துறைகளில் இருந்தால்தான் அந்த வேலை அனுமதி. ஹோட்டல் நிர்வாகமும் ரூறிசமும் அந்தப் பட்டியலில் இல்லை. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் அதற்கு மொழித் தேர்வு உண்டு. கட்டணத்தையும் ஊரில் காணி விற்ற காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

ஊரில் இந்தப் படிப்பே இல்லாத மாதிரி ஏஜென்ட்மார் கதைக்கிறதுதான் எனக்குக் கோபம். சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் நிர்வாக நிறுவனம் இருக்கு, இலங்கையிலும் அரசின் சுற்றுலா, ஹோட்டல் பயிற்சி நிறுவனம் இருக்கு. அங்கே அடிப்படையைப் படித்து, துபாயிலோ மாலைதீவிலோ இரண்டு வருசம் வேலை செய்துவிட்டு வெளிநாட்டுப் பட்டத்துக்கு வருகிற பிள்ளைக்குக் கையில் தொழிலும் இருக்கும், ஏஜென்டும் தேவைப்படாது.

அப்படி யாராவது கேட்டால் நான் இப்போது மூன்றே மூன்று விசயம் கேட்கிறேன். கல்லூரியின் முழுப்பேர் என்ன? அது பொதுவா, மானியம் உள்ள தனியாரா, மானியம் இல்லாத தனியாரா? படிப்பு முடித்தால் வேலை அனுமதி உண்டென்று ஏஜென்ட் எழுத்தில் தருவாரா? போன மாதம் திருச்சியிலிருந்து கேட்ட ஒருவருக்கும் இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, கல்லூரிப் பேர் இன்னும் வரவில்லை.