எழுதாத பேனா எதற்கு?

பழைய ஊற்றுப் பேனாக்களைத் தேடிச் சேர்ப்போர் தொகை பெருகி வருகின்றது. அது குறித்து நமக்கு மகிழ்ச்சியே. ஆயின், அவர்களுள் ஒரு சாரார் புதியதொரு சமயத்தையே உண்டாக்கி வருகின்றனர். பழைய பேனாவில் மை ஊற்றலாகாதாம்; எழுதினால் நிப்புத் தேய்ந்துவிடுமாம்; பழுது பார்த்தாலோ அதன் 'அசல் தன்மை' கெட்டு விலை வீழ்ந்துவிடுமாம். ஆகவே பட்டு விரித்த பெட்டியில் கிடத்திப் பூட்டி, விருந்தினர் வந்தபோது திறந்து காட்டி, மீண்டும் பூட்டிவிடுவதே பேனாவைப் போற்றும் நெறி என்று இவர்கள் உபதேசிக்கின்றனர். சரசுவதி பூசையன்று பேனாவுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி, அன்று முழுதும் எழுதாதிருப்போரை, மறுநாளாவது எழுதுகின்றனர் என்று மன்னித்துவிடலாம். இவர்களுக்கோ ஆண்டு முழுதும் பூசைதான்.

இக்கொள்கை தவறு என்பது நமது துணிபு. தவறு என்பதோடும் நில்லாது, எந்தப் பேனாவைக் காப்பதாகக் கூறுகின்றனரோ அந்தப் பேனாவையே இஃது அழிக்கின்றது என்றும் சொல்லுவோம்.

ஊற்றுப் பேனா எங்ஙனம் வேலை செய்கின்றது? 1884ஆம் ஆண்டில் லூயி வாட்டர்மேன் என்பார் உரிமை பெற்ற அமைப்பில், நிப்பின் கீழுள்ள நாக்கில் மெல்லிய பிளவுகள் உண்டு. மை அவ்வழியே இறங்க, இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலேறும். ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதால் அவருடைய காப்புறுதி வியாபாரம் கெட்டது என்றும், அந்த ஆத்திரத்தில் இதனைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்லப்படும் கதைக்குத் தக்க சான்று இல்லை. ஆயினும் அதனை ஒப்பிக்காத பேனாப் பிரியர் இல்லை! பின்னர் 1908இல், அமெரிக்க நாட்டு அயோவா மாகாணத்து நகை வியாபாரி வால்ட்டர் ஷீஃபர் நெம்பு விசை ஒன்றுக்கு உரிமை பெற்றார். குழலின் பக்கத்திலுள்ள விசையை நிமிர்த்தினால் உள்ளேயுள்ள தகடு ரப்பர்ப் பையை அமுக்கும். மடக்கினால் பை விரிந்து மையை உறிஞ்சும். அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வந்த எண்ணிறந்த பேனாக்கள் இம்முறையில் செய்யப்பட்டவையே.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரப்பர்ப் பை நெடுநாள் நில்லாது என்பதைச் செய்தவர்கள் அறிந்தே இருந்தனர். மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாயை எப்படி மாற்றுகின்றோமோ அப்படி மாற்றத்தக்கதாகவே அதனை வைத்தனர். அதனால்தான் பையைக் கழுத்தோடு ஒட்ட அரக்கைத் தெரிந்தெடுத்தனர். அரக்கு மைக்குக் கரையாது, சூட்டுக்கு இளகும். பழுது பார்ப்பவன் மெல்லச் சூடேற்றித் திறக்கட்டும் என்பதே அதன் கருத்து. பேனாவைப் படைத்தவனே திறந்து பார்க்க வழி வைத்திருக்கும்போது, திறப்பது பாவம் என்று விதிக்க இவர்கள் யார்?

'அசல் தன்மை' என்கின்றனர். எண்பது ஆண்டுக்கு முந்திய அந்த அசல் பை இன்று கரியைப்போல் இறுகிப் பொடிந்து கிடக்கின்றது. ஊசிப்போன சோற்றை அசல் சோறு என்று உண்பார் உண்டோ? அது சும்மா கிடப்பதாயினும் தாழ்வில்லை. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். கெட்ட ரப்பரினின்று எழும் ஆவி செல்லுலாய்டுக் குழலைக் கறுக்கச் செய்கின்றது. 1920களின் பிற்பகுதியில் வந்த பச்சை நிறப் பார்க்கர் டூயோஃபோல்டுகளைப் பாருங்கள். மூடி இன்றும் பச்சையாக இருக்கும், குழலோ பழுப்பேறியிருக்கும். மூடிக்குள் பை இல்லை, குழலுக்குள் இருந்தது. காரணம் வேறு வேண்டுமோ? அன்றியும், செல்லுலாய்டு கெடத் தொடங்கினால் அதினின்று அமில ஆவி கிளம்பும். காற்றுப் புகாத பெட்டியில் அவ்வாவி தங்கி, கேட்டினை மேலும் விரைவுபடுத்தும். பட்டுப் பெட்டி பேனாவுக்குக் கருவூலம் அன்று, பிணப்பெட்டி.

நிப்புத் தேயும் என்ற அச்சமும் வீணானது. நிப்பு 14 காரட் பொன். மையின் அமிலம் அதனை அரிக்காது என்பதற்காகவே பொன்னைக் கொண்டனர். பொன் மெல்லியது, தாளில் தேயும் என்பதற்காக அதன் நுனியில் இரிடியம், ஆஸ்மியம் போன்ற வன்மையான உலோகக் கலவையின் சிறு மணியைப் பற்றவைத்தனர். தாளில் படுவது அம்மணியே. அது தேய்வதற்குள் எழுதுபவனுடைய விரல்கள் தளர்ந்துவிடும்.

இனி, வேறொரு வகையார் உளர். பழுது பார்த்தல் பெரிய இரகசிய வித்தை, பிறர் கை வைக்கலாகாது என்று இவர்கள் மிரட்டுகின்றனர். வித்தையை மறைத்து வைப்பவர்களை நாம் நெடுங்காலமாக அறிவோம். இங்கே மறைத்ததுதான் என்ன? தலைமயிர் உலர்த்தும் கருவியால் கழுத்தைச் சுற்றி உலர்ந்த சூடு காட்டி, பொறுமையாகத் திருகியோ அசைத்தோ கழற்றுதல். பழைய பையைச் சுரண்டி எடுத்தல். நாக்கில் உறைந்த மையைக் குளிர்ந்த நீரில் கழுவுதல். அளவான புதுப் பையை வெட்டி, அரக்கு நீர் தடவி ஒட்டி, ஓர் இரவு காயவிடுதல். உள்ளே உராயாதிருக்கப் பையின்மேல் டால்க் பொடி தூவி மூடுதல். இவ்வளவே. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் இதனையும் கற்பான். செல்லுலாய்டு தீப்பற்றும் பொருளாதலால் நெருப்பருகே கொண்டு போகலாகாது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். 1948 முதல் வந்த, அழுத்தி நிரப்பும் பார்க்கர் 51 ஆயின் இவ்வேலையும் மிகை. அதன் பை ரப்பர் அன்று. பெரும்பாலும் நன்கு கழுவினாலே எழுதத் தொடங்கிவிடும். அதற்கு முந்திய வாக்குமேட்டிக் அமைப்புக்கும், 1952இல் ஷீஃபர் கொணர்ந்த ஸ்நார்க்கலுக்கும் தனிக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை.

பழுது பார்க்கின்றோம் என்று பாழ் செய்வோரையும் கண்டிக்காமல் விட முடியாது. சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, குழலில் பொறித்த பெயரை அழித்துவிட்டு, 'புதிதுபோல் ஆக்கினோம்' என்று விற்பவன் பேனாவின் முகத்தையே சீவியவன் ஆவான். அரக்கு இருக்க வேண்டிய இடத்தில் கணத்தில் ஒட்டும் பசையைப் பூசுபவன், அடுத்துப் பழுது பார்க்க வருபவனுக்குக் கதவைச் சாத்துகின்றான். கறுத்த எபோனைட்டு வெயிலாலும் நீராலும் பழுப்புப் பச்சையாக மாறியிருந்தால், இருந்துவிட்டுப் போகட்டுமே! கிழவனுக்கு மயிர்ச்சாயம் எதற்கு? பொன்னுக்காக நிப்பைப் பிடுங்கி உருக்குபவர்களைப்பற்றி என் சொல்வது? பெரும்பாலான நிப்புகளில் அரைக் கிராம் எடைகூடத் தேறாது.

நிற்க. இப்பேனாக்கள் வெள்ளையர் நாட்டுப் பண்டம், நமக்கென்ன உறவு என்று வினவுவார்க்கும் விடை உண்டு. எபோனைட்டு என்பது கந்தகத்தோடு நெடுநேரம் வெந்து இறுகிய ரப்பரேயன்றி வேறில்லை. அதற்கு நெல்சன் குட்இயர் 1851இல் உரிமை பெற்றார். பிரேசிலினின்று எடுத்த விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின், காடு திருத்திப் பால் வெட்டியோருள் நம் தமிழ் மக்கள் எத்துணை ஆயிரவர்! 1920களில் உலகத்து ரப்பரின் பெரும் பங்கு மலாயாவினின்றே சென்றது. ஆகவே, அக்காலத்துப் பேனாக்களின் குழலிலும் பையிலும் நம் முன்னோர் விடியற்காலையில் வெட்டி இறக்கிய பாலும் கலந்திருந்தது என்று கொள்வதற்குத் தடை யாது? பால் வெட்டியவர் பலருக்குத் தம் பெயர் எழுதத் தெரியாது. அவர் பெயரைச் செக்ரோலில் ஏற்றிய கிராணியாரின் கையில் பேனா இருந்தது. அவர் பேரனுக்கு இன்று எழுதத் தெரியும். கையில் வாய்த்த பேனாவையோ பூட்டி வைக்கின்றான்!

வரலாற்றுச் சின்னங்களையும் எழுதித் தேய்க்கச் சொல்லுகின்றீரோ என்பர். இல்லை. 1945 செப்டம்பர் 2ஆம் நாள், டோக்கியோ விரிகுடாவில் மிசூரிக் கப்பலின்மீது ஜப்பானின் சரணாகதியை ஏற்றுப் பல பேனாக்களால் கையெழுத்திட்ட மெக்கார்தர், அவற்றுள் ஒன்றை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பகைவரிடம் ஒப்படைத்த பெர்சிவலுக்கு அளித்தார். அத்தகைய பேனா காட்சிச்சாலையில் இருக்கட்டும், நமக்கு வழக்கில்லை. இலட்சக்கணக்கில் செய்து, கடைதோறும் விற்று, கணக்கெழுதவும் கடிதமெழுதவும் வழங்கிய பேனாவுக்கு அந்த மரியாதை எதற்கு?

பழுது பார்ப்போர் இப்போது அருகிவிட்டனரே என்பது அவர்களுடைய கடைசி வாதம். வேலை கொடுத்தால்தானே ஆள் இருப்பான்? குமிழ்முனைப் பேனா 1945இல் நியூயார்க்குக் கடைக்கு வந்தபின் பாதித் தொழில் போயிற்று. மீதியைப் பட்டுப் பெட்டிகள் விழுங்கின.

தந்தையாரின் பேனா வீட்டு இழுப்பறையில் கிடக்குமாயின் அன்பர்கள் அதனை இன்றே எடுத்துப் பார்க்கலாம். நெம்பு விசையை வலிந்து இழுக்க வேண்டா. உள்ளே பை கல்லாகியிருந்தால் விசைதான் ஒடியும். முதலில் கழுத்தை இளக்கித் திறந்து, பையை மாற்றுங்கள். பின்பு ஊற்றுப் பேனாவுக்கென்றே செய்த சாதாரண நீல மையை நிரப்புங்கள். சித்திரக்காரர் வழங்கும் இந்திய மை வேண்டா; அதிலும் அரக்கு உண்டு, நாக்கின் பிளவுகளில் உறைந்து அடைத்துவிடும்.