முதலில் குடித்த ஆடுகள்



எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தைப் பொல்லாத மேய்ப்பர்களைக் குறித்த அதிகாரமாகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். மேய்ப்பனுடைய ஸ்தானத்தில் நிற்கிற எனக்கு அந்த முதற்பகுதியே போதுமான பயத்தைத் தரும். ஆனால் 17-ஆம் வசனத்தில் கர்த்தர் ஆடுகளிடம் திரும்புகிறார். தெளிந்த தண்ணீரைத் தாங்கள் குடித்துவிட்டு, மிஞ்சியதைக் காலால் கலக்கிவிட்டுப் போகிற ஆடுகளை அவர் நியாயம் விசாரிக்கிறார். பின்னால் வருகிற ஆடுகளுக்கு அந்தக் கலங்கலே கிடைக்கிறது. குடித்தது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை; குடித்தபின் செய்ததே குற்றமாயிற்று.

தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்கிற நமக்கு இவ்வசனத்திற்கு விளக்கவுரை தேவையில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் இந்த ஆறு ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் எட்டு அணைக்கட்டுகள்; அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள்; கால்வாய்தோறும் குளங்கள். ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்திற்குத் தண்ணீர் போகும். மேலே இருப்பவன் எதை விட்டானோ அதையே கீழே இருப்பவன் பெறுகிறான்.

நாம் விடுவது என்ன? பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் கடந்து செல்லும்போது எத்தனை வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் அதில் திறந்திருக்கின்றன என்று நடந்துபோய்ப் பாருங்கள். அந்தக் கழிவே அமலைச் செடிக்கு உரம். அமலை நீர்ப்பரப்பை மூடினால் வெயில் உள்ளே இறங்காது. செடி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். ஆட்களை விட்டு அமலையை அரித்தெடுப்பதைச் சேவை என்று படம் எடுத்துப் போடுகிறோம். குழாயை அடைக்காமல் செடியை மட்டும் அகற்றுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. வேய்ந்தான்குளத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. குளத்து நிலத்தில் கட்டிய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டுதான் நாம் ஊருக்குப் பேருந்து ஏறுகிறோம்.

கடைமடையில் இருப்போரின் பாடு வேறு. ஆத்தூர், முக்காணி, கொற்கைப் பக்கத்து விசுவாசிகளுக்குக் குளம் என்பது பாசனம் மட்டுமல்ல, கடலுக்கு எதிரான அரணுங்கூட. தீவானாலும் கடற்கரையானாலும் நிலத்தடி நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்தே நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை உப்பு விலகி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலாரின் கணக்கு. அந்த ஓரடி வற்றினால் கிணற்றில் உப்பு ஏறும். குளத்தில் தேங்கி மண்ணில் இறங்கும் நீரே அந்த ஓரடியைக் காக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையின் கொடிக்கால்கள் நல்ல தண்ணீரை நம்பியே நிற்கின்றன. பாளையங்கோட்டையில் நாம் அலட்சியமாய்த் திறந்துவிட்ட குழாயின் கணக்கு அங்கே தீர்க்கப்படுகிறது.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல குளங்கள் உடைந்தன. அவ்வளவு மழையை எந்தக் குளமும் முழுவதுமாய்த் தாங்கியிராது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனாலும் வண்டல் மேவி, மறுகால் ஓடையில் வீடு எழும்பி, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிற குளத்தில் வெள்ளம் எங்கே போகும்?

“ஐயரே, சபையின் வேலை ஆத்தும ஆதாயம், குளத்தை நீர்வளத்துறை பார்த்துக்கொள்ளும்” என்று சிலர் சொல்லுகிறார்கள். கரையும் மடையும் அரசாங்கத்தின் பொறுப்பு என்பது சரியே. என் வீட்டுக் குழாய் எந்தத் துறையின் பொறுப்பு? வாலிபர் ஐக்கியத்திற்கு இவ்வருடம் ஒரு வேலை தரலாம் என்று நினைக்கிறேன்: நம் சேகரத்து வீடுகள், பள்ளிகள், ஆலய வளாகங்கள் ஆகியவற்றின் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்து எழுதி வரட்டும். முதலில் ஆலயத்தினுடையதும் குருமனையினுடையதும். அசனப் பண்டிகைக்கு வாழை இலை போதும். பிளாஸ்டிக் பூசிய தட்டும் டம்ளரும் மறுநாள் எந்த வாய்க்காலில் கிடக்கின்றன என்று நமக்குத் தெரியும். மனை வாங்குகிறவர்கள், பத்திரத்தோடு நிறுத்திவிடாமல், கிராமக் கணக்கில் அந்த நிலம் குளத்துப் புறம்போக்கா என்று பார்த்த பின்பு ஜெபிக்கக் கூப்பிடுங்கள். விவசாயத்திற்காகக் குளத்து வண்டலைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் விதி எளிதாக்கப்பட்டிருக்கிறது. நிலமுள்ள சபையார் விண்ணப்பித்தால் குளமும் ஆழப்படும், வயலும் வளப்படும்.

அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடும். நம் ஊர்க்குளத்தின் மறுகாலை அளந்து எல்லைக்கல் நடவேண்டுமென்ற தீர்மானத்தை அங்கே முன்வைக்க, மூப்பர்களில் இருவராவது போகவேண்டும் என்பது என் விருப்பம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வருகிற கடைசிக் கூட்டம் அது.