வாய்தா நாளின் கூலி

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் இறங்கி வருகிறார்கள். அன்றாடக் கூலிதான். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. தொடர்ந்து நாலு நாள் போகாவிட்டால் ஜீப்பில் அவருடைய இடத்தில் வேறொருவர் இருப்பார். இவர்களில் ஒருவருக்கோ அவருடைய மகளுக்கோ பாலியல் வன்கொடுமை நேர்ந்தால் என்ன வேண்டும் என்று கேட்டால், கடும் தண்டனை, பெரிய இழப்பீடு என்றே நாம் பதில் சொல்கிறோம். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும் நாள் வரை அந்த வீட்டில் அடுப்பெரிந்தாக வேண்டும். அந்த நெடிய இடைக்காலத்தின் செலவை ஊர் கூடி ஏற்க வேண்டும், ஏற்கவும் முடியும் என்பது என் கருத்து.

மெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சின்னக்கானல் வழியாகப் போனால் சூரியநெல்லி. 1996 ஜனவரியில் அவ்வூரைச் சேர்ந்த 16 வயது மாணவி கடத்தப்பட்டு, 40 நாள்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். 2000-இல் சிறப்பு நீதிமன்றம் 35 பேரைத் தண்டித்தது. 2005-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் விடுவித்தது. 2013 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்ப, 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 24 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஆக, 18 ஆண்டுகள். இத்தனை காலமும் பெண்கள் அமைப்புகளும் சில வழக்கறிஞர்களும் அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அரசு வேலையும் கிடைத்தது. அக்கம்பக்கம் மட்டும் நிற்கவில்லை. புறக்கணிப்பு தாங்காமல் குடும்பம் ஊரைவிட்டே போனது. அரசு கொடுக்கக்கூடியதைக் கொடுத்த பிறகும், ஊர் கொடுத்திருக்க வேண்டியது அங்கே பாக்கியாகவே நின்றது.

அரசு கொடுப்பதன் கணக்கையும் பார்த்துவிடலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-இல் வகுத்த திட்டப்படி, வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்கின்றன. தனியார் மருத்துவமனைகூட இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். ஏட்டில் குறையில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே இழப்பீடு போய்ச் சேருகிறது என்று அதே ஆணைக்குழு 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலையடிவாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றம் நடந்தது தோட்டத்தில் என்றால், எல்லை எதுவானாலும் போடி காவல் நிலையம் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும்; அதன் பிறகு வழக்கு மலைக்கு மேலே போய்விடும். வாய்தாவுக்குத் தேவிகுளத்துக்கோ கட்டப்பனைக்கோ போக வேண்டும். சம்மன் மலையாளத்தில் வரும். துணைக்கு ஒருவர் போனால் அவர் கூலியும் போகும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரவில்லை என்று வழக்கைத் தள்ளிவைத்தால், மாலையில் வெறுங்கையோடு மலையிறங்க வேண்டியதுதான். புகார் கொடுத்தவர்கள் நடுவழியில் ஓய்ந்துபோவதற்கு மிரட்டலைக் காரணம் சொல்கிறோம். இப்படி உதிர்ந்துபோகும் கூலி நாள்களும் அதே அளவுக்குக் காரணம் என்றே நினைக்கிறேன்.

இதற்கு மாறாக நடந்ததற்குச் சான்று வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி அந்தத் தருமபுரி மலைக் கிராமத்துக்குள் புகுந்த அரசு ஊழியர்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. எதிரில் நின்றது அரசு இயந்திரமே. அதற்கு எதிராக, கையில் காசில்லாத பழங்குடிப் பெண்கள் 31 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? பெ. சண்முகம் முன்னின்ற தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் முதல் வாரங்களிலிருந்தே கூட இருந்தன. சந்தாவிலும் உண்டியல் வசூலிலும் நடக்கும் அமைப்புகள் அவை. சாமானியர்கள் போட்ட சில்லறைதான் அந்த நீண்ட வழக்குக்குப் பின்னால் இருந்தது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கும் இதையே வேறு விதமாகக் காட்டியது. 2019-இல் வெளிவந்து 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று முடிந்த அந்த வழக்கில், 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. சாட்சிக்குப் பின்பலம் இருந்தால் வழக்கு நிற்கும்.

கொடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மதுரை, தேனி வட்டாரத்தில் காதுகுத்து முதல் கருமாதி வரை செய்முறை எனும் மொய் உண்டு. பந்தல் வாசலில் மேசை போட்டு, ஊர், பெயர், தொகை என்று நோட்டில் ஏற்றி, போன தடவை வந்தது எவ்வளவு என்று புரட்டிப் பார்க்கும் வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கும்போது அந்த வரியை வாங்க மறுப்பதே அதன் முதல் அடையாளம். கொடுக்கவும் வாங்கவும் உரிமை இருந்தால்தான் ஊரில் ஒருவர் என்று பொருள். அதனால்தான் அரசு இழப்பீடு எத்தனை லட்சமானாலும், ஊர்ப் பணத்தில் ஒரு நூறு ரூபாய் செய்வதை அது செய்யாது. வழக்கு நடக்கும் காலத்துச் செலவுக்கு இப்படி ஊர் கூடி ஒரு நிதி சேர்க்கலாம். ஆனால் மொய்யின் இரண்டு குணங்களை இந்த நிதி விட்டுவிட வேண்டும். மொய் திரும்பச் செய்ய வேண்டிய கடன். இது கடனாகக் கூடாது. மொய்யில் பெயர் சொல்லப்படும். இதில் வாங்குபவர் பெயர் வெளியே வரவே கூடாது. பெயரை வெளியிடுவது இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. வன்கொடுமைக்கு என்று மட்டும் ஒரு நிதி வைத்தால், அதன் படியேறும் பெண்ணை ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். கோர்ட்டு, ஆஸ்பத்திரிச் செலவு நிதி என்று பொதுவாக வைத்து, ஜீப் விபத்து, குடும்ப வன்முறை, ஜீவனாம்ச வழக்கு எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கொடுத்தால் யார் எதற்கு வாங்கினார் என்பது தெரியாது. சுய உதவிக் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்புகளுக்கு வங்கிக் கணக்கும் தீர்மானப் புத்தகமும் தணிக்கையும் ஏற்கெனவே இருக்கின்றன. வரவை எல்லோருக்கும் படித்துக் காட்டலாம். செலவில் எண் மட்டும் போதும். வாய்தா ஒன்றுக்கு இருவரின் ஒரு நாள் கூலி, போக்குவரத்து, சாப்பாடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதை மறுப்பவர்கள் சொல்வதில் மிக வலுவானது, ஊர் என்பதையே நம்ப முடியாது என்பது. உண்மை. வசூல் செய்யும் அதே கைகள்தான் பல இடங்களில் பஞ்சாயத்துப் பேசி, ஒரு தொகையைக் கொடுத்து வாயை அடைக்கின்றன. குற்றம் செய்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைக்கவும் சொல்கின்றன. இந்த எண்ணம் ஊர்ப் பெரியவர்களோடு நின்றதும் இல்லை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வன்புணர்வு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. ஜூலை 1 அன்று இத்தகைய சமரசங்களுக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எனவே சாதிச் சங்கத்திடமோ ஊர்க் கமிட்டியிடமோ இந்த நிதி போகக் கூடாது. முடிவெடுப்பவர்கள் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களாகவே இருக்க வேண்டும். அதற்குத் திறமை போதாது என்பவர்கள் 2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமை நடத்திய போராட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள் தாங்களே கூடி போனஸ் உரிமையைப் பெற்றார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னார் என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்காதா என்பது அடுத்த கேள்வி. கேட்கத்தான் செய்யும். சாட்சிக்குப் படி கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. இழந்த கூலியை ரசீதோடு ஈடுகட்டுவது விலை பேசுவது ஆகாது. தீர்ப்பு எதுவானாலும், வழக்கைத் தொடர வேண்டாம் என்று அந்தப் பெண்ணே முடிவெடுத்தாலும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை என்று தீர்மானத்தில் எழுதி வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கு உயிர் இருக்காது. அரசின் கடமையை ஏழைகள் தலையில் கட்டுவதா என்ற மறுப்பும் நியாயமானதே. ஆனால் அரசுப் பணத்தைக் கேட்டு வாங்குவதற்கே தேனி மாவட்டத்து லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியிருக்கிறது. மலைக்கு மேலே நடந்த குற்றம் என்றால் மனு கேரளத்துக்குப் போக வேண்டும். அந்த அலைச்சலுக்கு ஏழைகளிடம் வழியில்லாததால்தான் அரசு தப்பித்துக்கொள்கிறது.

ஏழைகள் மட்டும் போட வேண்டும் என்பதும் இல்லை. இந்தப் பெண்கள் எடுத்த காய்தான் போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்கு வருகிறது. 2019-இல் அது கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. தோட்ட முதலாளிகளும் ஏலக் கம்பெனிகளும் கிலோவுக்குச் சில காசு ஒதுக்கினால் அவர்கள் கணக்கில் அது தெரியக்கூடத் தெரியாது. இதைத் தருமமாகவும் அவர்கள் நினைக்க வேண்டியதில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. தோட்டம் அனுப்பும் ஜீப்பில் நடப்பதற்கும் அவர்கள் பொறுப்பாளிகள். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு தோட்டங்களின் புகார்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு ஜீப்பிலும் எழுதி ஒட்டச் செய்வதே இந்த நிதியின் முதல் செலவாக இருக்கட்டும். அடுத்த காய் எடுப்புக்கு முன் ஏலக் கம்பெனிகளையும் கூட்டமைப்புப் பெண்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மாவட்ட நிர்வாகத்தால் முடியும்.