பிரேக் ஆயில் குடிக்கும் தண்ணீர்

போட்டியோ பரிசோ இன்றி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பளிக்கும் ‘டிராக் டே’ ஓட்டுநர்களைக் குறிவைத்து வெளிவரும் விளம்பரங்களில், ஆறு பிஸ்டன் கொண்ட சிவப்புக் கேலிப்பர்களே முதலிடம் பிடித்திருப்பது வருந்தத்தக்கது. கேலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் கவ்விப் பிடிக்கும் கருவி; அது பெரிதானால் கார் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையே அங்கு விலைக்கு வருகிறது. கம்பெனி பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை இயங்கவைக்கும் அளவுக்கு வலுவாயிருக்கும் காரில், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்புதான். முன்சக்கரங்களுக்கு மட்டும் பெரிய கேலிப்பர் பொருத்தினால், முன்னும் பின்னும் பிரேக் விசை பகிரப்படும் விகிதம் மாறி, பின்சக்கர பிரேக் தன் பங்கைச் செய்யாமல் போகவும் கூடும்.

தடத்தில் உண்மையான எதிரி வெப்பம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட, 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னைப் பந்தயத் தடத்தில், ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80க்குக் குறைவதாகக் கொண்டால், ஏறத்தாழ இரண்டரை வினாடிக்குள் 800 கிலோஜூலுக்கும் மேற்பட்ட இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிக்கவைக்க அது போதும். அதில் பெரும்பங்கை ஏற்பவை ஒவ்வொன்றும் ஐந்து கிலோ அளவிலான இரண்டு முன் டிஸ்க்குகளே என்பதால், ஒரே ஒரு முறை பிரேக் பிடித்ததில் அவற்றின் வெப்பநிலை நூறு டிகிரிக்கும் மேல் உயர்கிறது. அடுத்த வளைவு வருவதற்குள் அது ஆறி முடிவதில்லை.

இவ்வெப்பம் இரு வேறு கோளாறுகளைத் தருகிறது என்பதையும், இரண்டையும் ஒன்றென நினைப்பதாலேயே பெரும்பணம் வீணாகிறது என்பதையும் வலியுறுத்த வேண்டியிருக்கிறது. பெடல் கல்லைப் போல் இறுகியிருந்தும் கார் வேகம் குறையாவிட்டால், பேட் தன் வெப்ப வரம்பைத் தாண்டி உராய்வை இழந்திருக்கிறது. உயர்வெப்பத்துக்கென உருவான பேட்டே அதற்கு மருந்து. மாறாக, பெடல் மிருதுவாகித் தரைவரை இறங்கினால், பணிமனைகளில் பிரேக் ஆயில் எனப்படும் திரவம் கேலிப்பருக்குள் கொதித்துவிட்டது என்று பொருள். திரவம் அழுத்தத்தில் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆகவே பாதத்தின் விசை முழுவதும் ஆவிக்குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகி, பேட்டைச் சென்று சேர்வதில்லை. இந்த இரண்டாவது கோளாற்றுக்குப் பேட்டை மாற்றுவதும், துளையிட்ட டிஸ்க் வாங்குவதும் பயனற்ற செலவு.

விளம்பரங்களை இத்தோடு விட்டுவிட்டு, எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத இந்தத் திரவத்தைப் பற்றியே பேசுவது பொருத்தம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைகள் கிளைக்கால் சார்ந்தவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. மூடியைத் திறக்காவிட்டாலும், ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவே ஈரம் மெல்லக் கசிந்து உள்ளே போய்ச் சேர்கிறது. புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதே திரவத்தில் 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் தரவிதி கோரும் கொதிநிலை 155 டிகிரிதான். கடற்கரையை ஒட்டிய சென்னை போன்ற புழுக்கமான ஊரில், பழைய திரவத்தோடு தடத்துக்கு வரும் கார், எழுபத்தைந்து டிகிரி காப்பை வீட்டிலேயே இழந்துவிட்டு வருகிறது. நகரச் சாலையில் இக்குறை வெளியே தெரிவதில்லை. அதுவே அதைப் பேராபத்தாக்குகிறது. பந்தயத்துக்கென விற்கும் திரவங்களில் சில 300 டிகிரிக்கு மேலும் தாங்கும் என்றாலும், அவையும் ஈரம் குடிப்பவையே. அடிக்கடி மாற்றினால்தான் அந்த விலைக்குப் பலன் உண்டு. திறந்த புட்டியில் எஞ்சியதை அடுத்த முறைக்கென அலமாரியில் வைப்பது கூடாது.

வெப்பம் தரும் கோளாறுகளைப் பிரித்தறிவது பற்றிப் பேசும் இவ்விடத்தில், பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித்தின் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1978இல் வெளிவந்த அவருடைய ‘டியூன் டு வின்’, கார் ஓட்டுவோர் ஒவ்வொருவரின் மேசையிலும் இருக்க வேண்டிய நூல் என்பது இப்பத்தியின் நெடுநாளைய உறுதி. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டு பங்கெடுத்த காலத்தில் அவ்வணியில் பணியாற்றிய அவர், எந்திரத்தின் நடத்தையைக் காரணகாரியத்தோடு பிரித்துக் காட்டும் முறையில் எழுதியவர். பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் அதிர்ந்தால் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று பணிமனைகள் இன்றும் தீர்ப்புச் சொல்கின்றன. பெரும்பாலும் நேர்வது, சூடான பேட்டின் பொருள் டிஸ்க்கின் முகத்தில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்வதே என்று ஒரு தனிக் கட்டுரையில் நிறுவியவரும் அவரே. புதிய பேட்டை முறையாகப் பதப்படுத்தி, அதாவது படிப்படியாகச் சூடேற்றி அதன் பொருளை டிஸ்க்கில் சீராகப் படியச் செய்து, பின் ஆறவிட்டால் அத்திட்டுகள் பெரிதும் தவிர்க்கப்படும். 1966இல் லெ மானை வென்ற ஃபோர்டு அணியே 24 மணி நேரமும் தாங்கும் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிராமல், பிட் எனும் பழுதுபார்ப்பு நிறுத்தத்தில் விரைந்து கழற்றி மாட்டும் அமைப்பைப் பொறியாளர் ஃபில் ரெமிங்டன் கைவண்ணத்தில் உருவாக்கிக்கொண்டது. டிஸ்க் தேய்ந்து தீரும் பொருள் என்பதை அத்துணைப் பணபலம் படைத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

திரவத்துக்கும் பேட்டுக்கும் அடுத்துப் பணம் செலவிடத் தகுந்தது காற்று. முன்பம்பரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை டிஸ்க்கின் முகத்தில் வீசாமல் அதன் மையத்தில் செலுத்தினால், உட்புறத் தடுப்புகளுக்கு இடையே புகும் காற்றைச் சுழலும் டிஸ்க்கே வெளியே தள்ளிவிடும். இவையெல்லாம் செய்த பிறகும் டிஸ்க் அளவுமீறிச் சூடானால் மட்டுமே எடை கூடிய பெரிய டிஸ்க்கும், அதற்கேற்ற கேலிப்பரும் நியாயமாகும். கேலிப்பரில் ஒட்டும் வெப்பநிலைப் பட்டைகள், எட்டிய உச்ச வெப்பத்தைச் சொற்ப விலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டம் முடிந்து கார் நின்றதும் காற்றோட்டம் அற்றுப்போக, டிஸ்க்கின் சூடு கேலிப்பருக்குப் பரவி, தடத்தில் கொதிக்காத திரவம் பிட்டில் கொதிப்பதும் உண்டு. எனவே கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுவதும், ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் அவசியம். தடத்தில் இறங்குமுன் காரைப் பரிசோதிக்கும் அமைப்பாளர்கள், பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாதவரைப் புதிய ஆயில் ஊற்றி, உள்ளிருக்கும் காற்றை எடுத்த பிறகே உள்ளே விட வேண்டும்.