நீலக் கம்பளமும் பாலக்காட்டு வெயிலும்

கோவிந்தாபுரத்தைத் தாண்டினால் கடைப் பலகைகளில் எழுத்து மலையாளமாகிவிடும். பேச்சில் தமிழ் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகாது. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியை நெருங்கும் வெயிலும் அப்படித்தான், எல்லை பார்ப்பதில்லை. இங்கே புதுவீட்டு முற்றத்தில் நீலம் பூத்த ஜூனிபரைக் கம்பளமாக விரிக்க ஆசைப்படுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது செடியின் விலையை அல்ல, பூர்வீகத்தை.

தரையோடு படரும் ஜூனிபர்களில் பேர் பெற்றது ஹொரிசான்டாலிஸ். கனடாவும் அமெரிக்காவின் வடபகுதியும் அதன் தாயகம். அதில் ‘வில்டோனி’ என்ற ரகம் ஒரு சாண் உயரத்தைத் தாண்டாது, பக்கவாட்டில் ஆறடி வரை போகும். இன்னொன்று ஸ்குவாமேட்டா. ஆப்கானிஸ்தானிலிருந்து இமயமலை வழியாகச் சீனா வரை இயற்கையாக வளர்வது. அதன் ‘ப்ளூ கார்பெட்’ ரகம் சுமார் ஓரடி உயரம். நிறத்தில் இதற்கே முதல் மதிப்பெண். இரண்டுமே பனியில் ஓய்வெடுத்துப் பழகியவை. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், நீர் தேங்காத சரிவில் வைத்துப் பார்க்கலாம். பாலக்காட்டுச் சமவெளியில் வைப்பது காசைக் கரியாக்கும் வேலை.

தென்னிந்தியக் காடுகளில் ஜூனிபரே கிடையாது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான ஊசியிலை இன மரம் ஒன்றே ஒன்றுதான்: நாகியா. வேடிக்கை, அதற்கும் இலை அகலம்!

வெப்பத்தைச் சற்றே பொறுத்துக்கொள்பவை சைனென்சிஸ் வகைகள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துத் தோட்டங்களில் படரும் ‘பார்சோனி’ நல்ல உதாரணம். அந்த மாதிரி ரகம் கிடைத்தால் காலை வெயிலும் மணல் கலந்த மண்ணும் கொடுத்து, தொட்டியில் ஒன்று வளர்த்துப் பார்த்த பிறகு முற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை தரையை மூட நம்மூர் பொடுதலை இருக்கிறது. மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவை மட்டும் நம்பி இறக்கக் கூடாது. வேலி தாண்டி வரப்புக்குப் போய்விடும்.

முற்றம் உடனே நிறைய வேண்டும் என்று ஜூனிபரை நெருக்கி நடுகிறார்கள். மூன்றாம் வருஷம் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாகிறது. இலையற்ற பழைய கட்டை வரை வெட்டினால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது, வழுக்கைதான். ஆறடி படரும் செடிக்கு ஆறடி விட்டே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, ஜூனிபர் சாவைச் சொல்லாது. வேர் அழுகி வாரக்கணக்கான பிறகும் இலை பச்சையாகவே நிற்கும். பழுப்பேறியதும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். நர்சரியில் வாங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. இலையின் பளபளப்பை நம்பாமல், பையை மெல்லச் சரித்து வேரைக் காட்டச் சொல்ல வேண்டும். நுனி வெள்ளையாக இருந்தால் வாங்கலாம். கறுத்துக் கொழகொழத்திருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.